பெலார்மினோ மாமா கொடுத்துவிட்ட மணல்மேடு

"மணலால் நம் தீவுக்கு என்ன பயன்?"

பள்ளி இறுதித் தேர்வில், புவியியல் தாளில் வந்த கேள்வி இது. நான் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு எழுந்து வந்தேன். எங்கள் போவா விஸ்டாத் தீவில் பிறந்தவள் அதற்கு என்ன எழுதுவாள்? கச்சூப்பாக் கஞ்சியில் மணல், கட்டிலில் மணல், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் மடிப்பில் மணல். எங்கள் பக்கத்து வீட்டு பெலார்மினோ மாமாவிடம் அதே கேள்வியைக் கேட்டிருந்தால், தேர்வுத் தாளில் எழுத முடியாத வார்த்தைகளில் பதில் சொல்லியிருப்பார்.

அவர் இளமையில் டச்சுக் கப்பல்களில் இயந்திர அறையில் வேலை பார்த்தவர். ராட்டர்டாமின் குளிர் ஒத்துக்கொள்ளாமல் திரும்பி வந்தார். நம்பித் திரும்பி வர அவருக்கு ஊரில் ஒரு கிணறு இருந்தது. மழை பொய்த்த வருஷங்களில் இந்தத் தீவில் பலர் செத்தார்கள். முடிந்தவர்கள் உப்பு ஏற்ற வந்த கப்பல்களில் தொற்றிக்கொண்டு போனார்கள். மாமாவின் குடும்பம் போகவில்லை. அவர்கள் கிணற்றில் தண்ணீர் இனிப்பாகவே இருந்தது. அதை நம்பி ஆறு பேரீச்சை மரங்கள், கொஞ்சம் அவரை, சர்க்கரைவள்ளி, ஒரு பட்டி ஆடு.

கிணற்றுக்கும் கடலுக்கும் நடுவில் பெரிய மணல்மேடு. வடகிழக்குக் காற்று அதிலிருந்து அள்ளி அள்ளித் தோட்டத்தில் போடும். மாமா காலையில் மண்வெட்டியோடுதான் எழுவார். காய்ந்த பேரீச்ச மட்டைகளை வரிசையாக நட்டு வேலி போடுவார். வேலி புதைந்ததும் அதன் தலையில் இன்னொரு வேலி. அள்ளிய மணலை எங்கே கொட்டுவது என்பதில்தான் எங்கள் ஊரில் சண்டைகள் வரும்.

"டேய் செராஃபிம், உன் மணலை என் பக்கம் தள்ளாதடா!" என்று அடுத்த தோட்டத்துக்காரனைப் பார்த்து மாமா கத்துவார்.

"என் மணலா? மாமா, நேத்து உங்க தோட்டத்துல படுத்திருந்தது. இன்னிக்கு என்னைப் பார்க்க வந்திருக்கு. விருந்தாளியை விரட்டுவாங்களா?"

மேற்குக் கரையில் ஓட்டல் கட்டுகிறவர்களின் ஆட்கள் மணல் தேடி வந்தபோது ஊர் கூடியது. எல்லாரையும் விட உரக்கப் பேசியவர் மாமாதான்.

"எடுத்துக்கிட்டுப் போங்கய்யா! முழுசா எடுத்துக்கிட்டுப் போங்க. இதுக்கு நாங்க ஏதாவது கொடுக்கணுமா?"

வந்தவர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமா அவர்களுக்கு ஆட்டுப் பாலாடைக்கட்டி வெட்டி வைத்தார், கரும்புச் சாராயம் ஊற்றினார். லாரி புதையாமல் மேட்டுக்கு ஏறும் வழியையும் அவரே முன்னால் நடந்து காட்டினார்.

அந்தக் கோடை முழுக்க லாரிகள் ஓடின. மேடு கரைந்து, எங்கள் வாசலிலிருந்தே கடல் தெரிந்தது. மாமா வாழ்க்கையில் முதல் தடவையாக வெயில் ஏறும்வரை தூங்கினார்.

"மண்வெட்டி துருப்பிடிக்குது, யாருக்காவது வேணுமா?" என்று தெருவில் போகிறவர்களை எல்லாம் கேட்டார்.

ஓட்டல் திறந்த பிறகு ஒரு நாள் அவர் மனைவி சுல்மிரா அத்தை காபியைத் துப்பினாள். "இதுல உப்பைப் போட்டது யாரு?"

"உனக்கு நாக்கு கெட்டுப்போச்சு," என்றார் மாமா. தானும் ஒரு வாய் குடித்தார். கோப்பையை வைத்துவிட்டுக் கிணற்றடிக்கு நடந்தார்.

அவரை இலைகள் ஓரத்தில் கருகின. ஆடுகள் தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. மாமா என்னையும் கூட்டிக்கொண்டு நகரத்து அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்த பொறியாளர் கதையைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பெய்ற கொஞ்சம் மழையைக் குடிச்சு வைக்கிறது அந்த மேடுதான் அண்ணே. அந்த நல்ல தண்ணிதான் அடியில கடலை அந்தப் பக்கம் தள்ளிக்கிட்டு இருந்துச்சு. மேட்டை எடுத்துட்டீங்க. கடல் உள்ள வந்துடுச்சு."

"அப்ப மேட்டைத் திரும்பக் கொண்டாந்து போடச் சொல்லுங்க."

"அது இப்ப சுவரா நிக்குதே."

மாமா நேரே ஓட்டல் வாசலுக்கு நடந்தார். காவலுக்கு நின்றவன் எங்கள் ஊர் செராஃபிமின் மகன்.

"மாமா, கத்தாதீங்க. உள்ள வெள்ளைக்காரங்க தூங்குறாங்க."

"என் கிணறு செத்துக் கிடக்கு. அவங்களுக்குத் தூக்கமா?"

"நான் என்ன பண்ணட்டும்? சுவரை இடிச்சு சட்டைப் பையில போட்டு அனுப்பட்டுமா? நீங்கதானே பாலாடைக்கட்டி வெட்டிக் கொடுத்தீங்க?"

மாமா வாசலை விட்டுத் திரும்பி நடந்தார். எனக்குத்தான் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. எடுத்தவர்கள் திருடவில்லை. கொடுத்தவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எங்கள் மண்ணைப் பற்றி எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை, கேள்வி மட்டும் கேட்டார்கள்.

ஆடுகளை விற்றாயிற்று. சுல்மிரா அத்தை நகரத்தில் தன் தங்கை வீட்டில் இருக்கிறாள். மாமா மட்டும் தண்ணீர் லாரி வரும் நாளுக்குக் காத்துக்கொண்டு இங்கேயே இருக்கிறார். மேடு இருந்த இடத்தில் பேரீச்ச மட்டைகளை நடுகிறார், இப்போது மணலைத் தடுக்க அல்ல, பிடித்து வைக்க. இதுவரை முழங்கால் உயரம்கூடச் சேரவில்லை.

"இத்தனை வருஷம் இந்தக் காத்தைத் திட்டினேன்," என்றார் போன வாரம். "இப்ப பிச்சைக்காரன் மாதிரி அது முன்னாடி நிக்கிறேன்."

அதே லாரிக்காரர்கள் இப்போது வடக்கே இருக்கும் ஊரில் மணல்மேட்டை அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அங்கே லாரிக்காரர்களுக்கு விருந்து வைக்க ஆடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க மணல் போச்சு, அதுக்குள்ள எங்களைப் பார்த்துப் பொறாமையா?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பெண் சொன்னால் யார் கேட்பார்கள்?

அதனால்தான் எழுதுகிறேன். லாரிகள் இன்னும் அங்கே போகவில்லை. இதைப் படித்தவர்கள், வடக்கே யாரைத் தெரிந்திருந்தாலும், மாமன் மச்சான் யாராக இருந்தாலும், அவர்களிடம் பெலார்மினோ மாமாவின் கதையைச் சொல்லுங்கள். அவர்கள் சிரித்தால் மறுபடியும் சொல்லுங்கள்.