சூலூரிலிருந்து கண் ஊசிக்கு: ஒப்பித்த வரிசையும் பார்த்த வரிசையும்

போன ஐப்பசியில் இடது கண்ணில் புகை படிந்த மாதிரி ஆனது. வலது கண் முன்பே சர்க்கரையில் போய்விட்டது. விரல் ஆட்டினால் தெரியும், அவ்வளவுதான். மிச்சம் இது ஒன்றுதான். நான் எழுத்தறியாதவன். நான் சொல்லச் சொல்ல மருமகள் பூங்கொடி இதைத் தட்டச்சு செய்கிறாள்.

காலை ஏழு மணிக்குச் சூலூரில் பேருந்து ஏறினோம். சிங்காநல்லூர் தாண்டி நெரிசல். கண் ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது ஒன்பதாகிவிட்டது. பார்வை சோதிக்கும் அறைக்கு வெளியே பெஞ்சில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். என்னைப் போன்றவர்களுக்கு அங்கே எழுத்துப் பலகை கிடையாது. சீப்புப் பல் மாதிரி மூன்று கால் வைத்த படம். கால் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் போனவர்கள் மேல், கீழ், இடது என்று அதே வரிசையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தது காதில் விழுந்தது.

என் முறை வந்தது. அடி வரிசை வரை தடங்கலில்லாமல் சொன்னேன். ஏமாற்ற நினைத்தேன் என்று சொல்ல முடியாது. கண்ணுக்குள் ஊசி போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் வாய் முந்திக்கொண்டது. பிறகு கண்ணில் சொட்டு மருந்து விட்டு, படம் எடுத்தார்கள்.

டாக்டரம்மா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருக்கிறதாம். பார்வை இவ்வளவு நன்றாக இருந்தால் ஊசி போடாமல் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். எனக்கு நிம்மதி. பூங்கொடிதான் பக்கத்தில் வந்தாள்.

"மாமா, நீங்க பாத்துச் சொல்லலீங்க. ஒப்பிச்சுப்போட்டீங்க."

டாக்டரம்மா திட்டவில்லை. மூன்று கால் போட்ட அட்டை ஒன்றை எடுத்துத் தள்ளி நின்று, கையில் திருப்பிக் காட்டினார். இரண்டு முறை சொன்னேன், இரண்டும் தப்பு.

சர்க்கரையால் விழித்திரையின் சின்ன ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. ரத்தம் கிடைக்காத இடம், குழாயை வளர்க்கிற ஒரு பொருளைச் சுரந்து விடுகிறது. அது பழைய குழாய்களையும் கசிய வைக்கும், புதுக் குழாய்களையும் முளைக்க வைக்கும். ஊசி மருந்து அந்தப் பொருளைக் கட்டிப்போடுகிறது. இதெல்லாம் அவர் சொன்னதுதான். வளர்வது நல்லதுதானே என்று கேட்டேன்.

"அவசரத்துல வளந்தது நிக்காதுங்கய்யா. ஒழுகும், ஒடஞ்சு ரத்தங் கொட்டும். உங்க வலது கண்ணுல அதுதானுங்க நடந்துச்சு."

அன்றைக்கே ஊசி போட்டார்கள். மரத்துப்போகச் சொட்டு விட்டதால் ஓர் அழுத்தம் மட்டுமே தெரிந்தது. மதியம் வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. பூங்கொடியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் பேருந்து ஏறினேன்.

போகிறவர்களுக்கு: சொட்டு விட்டால் அன்று வண்டி ஓட்ட முடியாது, துணைக்கு ஆள் வேண்டும். கறுப்புக் கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் எடுப்பார்கள் என்று நினைத்து வெறும் வயிற்றோடு போகாதீர்கள், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி ஒன்றோடு முடியாது, சொன்ன தேதிக்குப் போக வேண்டும். ஊசிக்குப் பின் கண் வலித்தால், சிவந்தால், மங்கினால் உடனே போங்கள்.

அடுத்த மாதம் போனபோது நான் அந்தப் பெஞ்சில் உட்காரவில்லை. உள்ளே சொல்வது காதில் விழாத தூரத்தில், மாடிப்படிக்கு அருகே நின்றேன். பூங்கொடி வந்து கூட்டிப்போனாள். மூன்று வரிசை பார்த்துச் சொன்னேன். நான்காவதைக் காட்டினார்கள். அந்த வரிசை எனக்குப் போன தடவையே மனப்பாடம்.

"தெரியலீங்க" என்றேன்.