மாந்தளேயில் மூன்றாக வெட்டிய புடவை

என் முதல் வெளிநாட்டு விற்பனை கத்தரிக்கோலில் வந்து நின்றது.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றில் சேல்ஸ்மேன். வீட்டில் அப்பா தறியில். பர்மாவில் நம் சனங்கள் நிறைய, புடவை நன்றாகப் போகும் என்று யாரோ முதலாளியின் காதில் போட்டுவிட்டார்கள். இருபது புடவைகளை டிரங்குப் பெட்டியில் அடுக்கி என்னைக் கப்பல் ஏற்றினார்.

“ஒண்ணாவது வித்துட்டு வாப்பா. இல்லன்னா வேற வேலை பாத்துக்கோ.”

ரங்கூன் தமிழர்கள் புடவையைத் தடவிப் பார்த்தார்கள், ஊர்க்கதை கேட்டார்கள், வயிறு நிறையச் சாப்பாடும் போட்டார்கள். வாங்கவில்லை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது காஞ்சிபுரத்திலேயே எடுத்துக்கொள்வார்களாம். வேலை போய்விடுமே என்ற பயத்தில் மாந்தளேக்கு ரயில் ஏறினேன். அங்கே டீக்கடை வைத்திருந்த காதர் பாய் தங்க இடம் கொடுத்து, மொழிக்கும் துணையாக வந்தார்.

சந்தையில் தேயிலை விற்கும் மூன்று அக்கா தங்கைகளுக்கு அரக்குப் புடவை ஒன்று பிடித்துப்போனது. மூத்தவள் பெயர் மா கின். கரையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பேரமே பேசவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள்.

“மூணா வெட்டணுமாம் தம்பி. ஆளுக்கு ஒரு லுங்கி. இங்க பொம்பளைங்களும் லுங்கிதான் கட்டுவாங்க. கடைசித் தங்கச்சிக்குக் கல்யாணம்” என்றார் பாய்.

“பட்டுப் புடவையை வெட்றதா? எங்கப்பா தோலை உரிச்சிடுவாரு பாய்!”

“ஒங்கப்பா காஞ்சிபுரத்துல இருக்காரு. இவங்க இங்க நிக்கிறாங்க.”

முழுசாகக் கட்டினால்தான் அழகு என்று காட்ட, பாய் வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு மா கின்னுக்குக் கட்டிவிடச் சொன்னேன். மூன்றாவது அடியில் கொசுவம் காலில் சிக்கி அவள் தேயிலைக் கூடைமேல் சாய்ந்தாள். சந்தையே சிரித்தது. அவள்தான் அதிகம் சிரித்தாள்.

“இதைக் கட்டிக்கிட்டு ஒங்க ஊர்ப் பொம்பளைங்க பஸ் ஏறுவாங்களான்னு கேக்குது.”

“ஓடற பஸ்ஸையே புடிப்பாங்கன்னு சொல்லுங்க பாய்.”

அவள் நம்பவில்லை. புடவையை அவிழ்த்து மடித்து, என் பக்கம் தள்ளினாள். வெட்டாவிட்டால் வேண்டாமாம். முதலாளியின் முகம் கண்ணுக்குள் வந்தது. குறுக்கே ஓடும் ஊடை இழை ஒன்றை உருவி, அது விட்ட கோட்டிலேயே வெட்டினேன். முந்தானைத் துண்டு கல்யாணப் பெண்ணுக்குப் போனது. மறுநாள் பக்கத்துக் கடைக்காரிகளும் கத்தரிக்கோலோடு வந்தார்கள். பெட்டி காலி.

ஊர் திரும்பி நடந்ததைச் சொன்னேன். முதலாளி பணத்தை இரண்டு முறை எண்ணினார்.

“கோணலா வெட்டலியே?” என்றார் கடைசியில்.

பிறகு முந்தானையே இல்லாத லுங்கித் துணிக்கு ஆர்டர் போட்டார். நெய்தவர் என் அப்பாதான். “எது ஆரம்பம், எது முடிவுன்னே தெரியாம ஒரு துணியாடா?” என்று தினமும் என்னைத் திட்டிக்கொண்டே நெய்தார்.

அந்தத் துணி கப்பல் ஏறவில்லை. பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கொஞ்ச காலத்தில் காதர் பாயும் அங்கிருந்து விரட்டப்பட்ட ஆயிரக்கணக்கான பேரைப் போலக் கட்டிய துணியோடு சென்னையில் வந்து இறங்கினார். போய்ப் பார்த்தேன். அந்த மூன்று பேரைப் பற்றிக் கேட்டேன்.

“கடை பூட்டியிருந்துச்சு தம்பி. யாரையும் கேக்கப் பயமா இருந்துச்சு.”

சில வருடங்களுக்கு முன் அங்கே மறுபடியும் ராணுவம் வந்தது. டிவியில் காட்டினார்கள். பெண்கள் தாங்கள் கட்டிய லுங்கிகளைத் தெருவின் குறுக்கே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவற்றின் அடியில் நடந்தால் ஆணின் பலம் போய்விடும் என்பது அங்கே நம்பிக்கையாம். துப்பாக்கி வைத்திருந்த சிப்பாய்கள் முன்னே வராமல் நின்று, கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் தெருவுக்குள் போராடிக்கொண்டிருந்தவர்கள் தப்பி ஓடியிருப்பார்கள். மா கின்னுக்குப் பேத்திகள் இருந்தால் அவர்களும் அந்தத் தெருவில் நின்றிருக்கலாம் என்று நினைத்து அழுதேன்.

கடைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வாங்குகிறவர் வெட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் வெட்டிக் கொடுங்கள். அது அவர்களுக்கு எதற்கெல்லாம் தேவைப்படும் என்று நமக்குத் தெரியாது.