கயிறு பிடித்தவரின் பேரன்

மன்னாரிலிருந்து அரிப்புக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த முதியவர், கலண்டர் தாளால் உறை போட்ட புத்தகம் ஒன்றை வரிக்கு வரி விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் கண்ணாடியைக் கழற்றி, உடுத்திருந்த சாரத்தின் நுனியில் துடைத்தார். எட்டிப் பார்த்தேன். அது என் நாவல். அரிப்புக் கடலில் முத்துக் குளிக்கப் போய் இறந்த என் பூட்டனின் கதை.

பெருமை தாங்காமல், "ஐயா, அது நான் எழுதினது," என்றேன்.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

"பிள்ளை, குளிக்க இறங்கினவரை மேல இழுக்கத் தோணியில கயிறு பிடிச்சவர் குடிவெறியில அதை விட்டிட்டார், அதாலதான் உங்கட பூட்டன் செத்தவர் எண்டு எழுதியிருக்கிறீங்கள். அந்தக் கயிறு பிடிச்சவர் என்ர அப்பப்பா."

"எங்கட வீட்டில அப்பிடித்தான் சொன்னவை, ஐயா. மிச்சமெல்லாம் கற்பனைதான்."

"ஓம், கற்பனைதான். பேரை மட்டும் மாத்தேல்லை." குரலில் கோபமே இல்லை. "எங்கட வீட்டில வேற மாதிரிச் சொன்னவை."

அது என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் என் நாவல் பொய்யாகிவிடுமோ என்ற பயத்தில் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அரிப்பில் இறங்கும்போதும் அவர், "போயிட்டு வாறன், பிள்ளை," என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மனம் கேட்காமல் அடுத்த ஆண்டு அவர் வீட்டைத் தேடிப் போனேன். அவர் காலமாகியிருந்தார். தன் அப்பப்பாவைப் பற்றி அவர் என்ன சொல்லுவார் என்று அவர் மகளிடம் கேட்டேன்.

"எங்களுக்கு ஒண்டும் தெரியாது, அக்கா," என்றாள். "அப்பா வாசிச்ச ஏதோ ஒரு புத்தகத்தில எல்லாம் இருக்காம்."