மூன்றுக்கு இரண்டு

என் அக்காள் கணவருக்கு ஆய்வுக்கூடத்தில் ‘ஓட்டுப்பெட்டி’ என்று பெயர். வைத்தவர் வாய்க்குச் சர்க்கரை போடலாம்.

தலைச்சாயம், ஷாம்பு போன்றவை மரபணுவைக் கெடுக்குமா என்று பார்ப்பது அத்தானின் வேலை. அதற்கு மூன்று சோதனைகள். முதலாவது, பாக்டீரியாவின் மரபணுவில் நேரும் சிறு மாற்றத்தைக் காட்டும். இரண்டாவதில், செல்லுக்குள் குரோமோசோம் உடைந்திருந்தால் அந்தத் துண்டு தனியே தெரியும். மூன்றாவதில், சிதைந்த மரபணு மின்சாரத்தில் இழுபட்டு வால்போல நீளும். இதெல்லாம் சாப்பாட்டு மேசையில் அவர் எடுத்த வகுப்பு. கேட்காவிட்டாலும் எடுப்பார்.

வாசலுக்கு ஒருவன், ஜன்னலுக்கு ஒருவன், கொல்லைக்கு ஒருவன் என்று மூன்று காவல்காரர்கள் நிற்பதுபோல. கொல்லையில் நிற்பவன் மட்டும் திருடனைக் கண்டேன் என்றால் என்ன செய்வோம்? அத்தான் ஓட்டெடுப்பு நடத்துவார். புதிய தலைச்சாயத்தில் வால் நீண்டபோதும் அதையே செய்தார்.

“மூணுல ரெண்டு நல்லாயிருக்குன்னு சொல்லிடுச்சு. அந்த மூணாவது எப்பவும் கொஞ்சம் பதறும்” என்றார்.

பதறினால் இன்னொரு தடவை செய்து பார்க்கலாமே என்றேன். ஈ ஓட்டுவதுபோல் கையை வீசினார். பாவி மனிதர்.

சாயம் கடைக்கு வந்தது. வீட்டு முன்னறையில் அழகு நிலையம் நடத்தும் அக்கா, புருஷன் பார்த்து அனுப்பிய சரக்கு என்று பெருமையாக வாங்கி அடுக்கினாள். வெறுங்கையால் குழைத்தாள். நகக்கண் கறுத்தது.

அத்தான் தலையோ வேரில் வெளுக்கத் தொடங்கியது. மீசைக்குக்கூடச் சாயம் பூசாமல் தெருவில் இறங்காத மனிதர், தலை அரிக்கிறது, அதனால் விட்டுவிட்டேன் என்றார். ஊருக்குத்தான் உபதேசம்.

பிறகு ஒருநாள் ஆய்வுக்கூடத்திலிருந்து கையுறை டப்பா ஒன்றைக் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினார். சாயம் குழைக்கும்போது போட்டுக்கொள்ளச் சொன்னார். அக்காவுக்குச் சட்டென்று கோபம் வராது. டப்பாவைப் பார்த்தாள், அவர் தலையைப் பார்த்தாள்.

“என் கைக்கு உறை. சரி, வர்றவங்க தலைக்கு என்ன போடுறது?”

மூன்றில் இரண்டு நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிட்டதே என்றுதான் அப்போதும் முணுமுணுத்தார்.

அக்கா புதுப் பாக்கெட்டைப் பிரித்துக் கிண்ணத்தில் கொட்டிக் குழைத்தாள். பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்கு எதிரே நாற்காலியைத் திருப்பினாள்.

“அப்ப வந்து உக்காருங்க.”

அத்தான் உட்காரவில்லை. அக்கா கிண்ணத்தைக் கழுவிவிட்டு, அலமாரியிலிருந்த சாயத்தையெல்லாம் இறக்கி அவர் காலடியில் வைத்தாள்.