நடந்து பார்த்த பொக்கே

பொக்கேவை வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பூக்கடைக்காரர் கடைவாசலிலிருந்து தெருமுனை வரை மணப்பெண் நடை நடக்கிறார். தலை சற்றுக் குனிந்திருக்கிறது. காலில் ரப்பர் செருப்பு, தோளில் ஈரத்துண்டு, மேலுதட்டை முழுக்க மூடிய மீசை. எதிர்க்கடைத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்.

"அண்ணே, பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. மாப்பிள்ளை வீட்டுல மீசைக்குச் சம்மதமா?"

"மீசையைப் பார்த்துத்தான்டா மயங்கினாங்க. நீ பட்டனைத் தை."

பொக்கேவில் ஒரு பூ கூட அசையவில்லை. அவருக்கு அதுதான் கவலை.

மணப்பெண் பிடித்துக்கொள்ள வெள்ளிப்பூச்சுக் கைப்பிடி. அதன் தலையில் சிறு பிளாஸ்டிக் கூண்டு. கூண்டுக்குள் தண்ணீர் குடிக்கும் பச்சை ஃபோம். ஃபோமை அவர் தண்ணீரில் அமுக்க மாட்டார். மிதக்கவிட்டுக் காத்திருப்பார்; அதுவே குடித்து அதுவே அமிழ வேண்டும். "அமுக்கினா மேல ஈரம், உள்ள வறட்சி. சில சொந்தக்காரங்க மாதிரி." காம்பைச் சரிவாக வெட்டி ஒரே குத்து. பிசகினால் அந்தத் துளைக்குத் திரும்ப மாட்டார், துளை தளர்ந்திருக்கும். தலை கனத்த லில்லிக்குச் 'சம்பந்தி' என்று பெயர். "நடுவுல மரியாதையா உக்கார வைக்கணும். இல்லேன்னா சாய்ஞ்சு நாலு பேரைத் தள்ளிடும்."

முன்பெல்லாம் நடந்து பார்த்தது அவர் மனைவி. அந்த அம்மாவுக்கு நெடுநாளாகக் கைநடுக்கம். வீட்டில் அவருக்கு டம்ளரைப் பாதிதான் நிரப்புவார்கள். கடையில் மட்டும் அந்த நடுக்கத்துக்கு வேலை இருந்தது. "இவ கையில நின்னா எந்தப் பொண்ணு கையிலயும் நிக்கும்" என்பார் இவர். மனைவி முன்னே நடக்க, இவர் அவருக்கு எதிரே பின்புறமாக நடப்பார், பொக்கேவுக்கு அடியில் கையைக் குவித்து, உதிர்ந்தால் ஏந்திக்கொள்ள.

"பூவையே பார்க்கிறீங்களே, என் மூஞ்சியையும் கொஞ்சம் பாருங்க."

"நீ விழமாட்டே. பூதான் விழும்."

போன மழைக்காலத்தில் மனைவி இறந்துபோனார். அதன் பிறகு கட்டிய முதல் பொக்கேவில் நடுரோஜா கழன்று, எல்லாரும் பார்க்க, மணப்பெண்ணின் காலடியில் விழுந்தது. கல்யாண வீட்டார் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இவர்தான் சொன்னார்: "என் கை கல்லு. அதுக்கு ஒண்ணும் தெரியாது." பிறகு வந்த பொக்கே ஆர்டரையெல்லாம் திருப்பி அனுப்பினார். தெருமுனை பேக்கரிக்காரர் மகளுக்கு மட்டும் மறுக்க முடியவில்லை. 'உன் பொக்கேவை நான் நடந்து பார்த்துத் தர்றேன்' என்று அந்தப் பெண்ணிடம் மனைவி எப்போதோ சொல்லியிருந்தார். அவள் இன்று மாலை வருகிறாள். இதுவும் உதிர்ந்தால் இனி மேசைக்கு வைக்கும் பூ மட்டும்தான் என்று முடிவு.

மகனுக்கு இயந்திரங்களின் அதிர்வை அளக்கும் வேலை. அதிகம் பேசமாட்டான். நேற்று அம்மாவின் கைக்குப் பதிலாக, பழைய பொக்கே ஒன்றை வாஷிங் மிஷின் மேல் இறுக்கிக் கட்டி, பிழியும் ஓட்டத்தில் விட்டான். சம்பந்தி பறந்துபோய் அப்பாவின் காதோரம் அடித்தது. அவர் லில்லியை எடுத்துப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

"டேய், பொண்ணைக் கட்டிக் கொடுக்கிறாங்களா, துவைச்சுக் காயப்போடறாங்களா?"

மழைக்காலத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். சிரித்து முடித்ததும் கம்பி கேட்டார். இன்று லில்லிக் காம்பில் கம்பி கோத்து, அதன் நுனியைக் கூண்டுச் சட்டத்தில் மாட்டி மடக்கியிருக்கிறார்.

தெருமுனையிலிருந்து திரும்பி வந்தவர் பொக்கேவை மகனிடம் நீட்டுகிறார்.

"நீ நட."

"எனக்குக் கை நடுங்காதுப்பா."

"நடடா."

மகன் வாங்கிக்கொள்கிறான். கைப்பிடி ஈரமாக இருக்கிறது. வாசல்படி இறங்கும்வரை கை சரியாகத்தான் இருந்தது. அப்பா அவனுக்கு எதிரே வந்து நின்று, பொக்கேவுக்கு அடியில் கையைக் குவித்துக்கொண்டு, பழக்கத்தில் பின்புறமாக ஓரடி வைக்கிறார்.

மகனின் மணிக்கட்டு ஆடத் தொடங்குகிறது. லில்லி தலையசைக்கிறது, ரோஜாக்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன. தையல்காரர் மிஷினை நிறுத்துகிறார். வாசலுக்கு வருகிறார். தெருமுனை வருகிறது. ஓர் இதழும் விழவில்லை.

அப்பா குவித்த கையை எடுக்கவில்லை. பூவைப் பார்ப்பதை விட்டுவிட்டு மகன் முகத்தைப் பார்த்தபடி, கடையை நோக்கித் திரும்பவும் பின்புறமாக நடக்கிறார்.