சைகை வராமல் நகரமாட்டார்

இடது கை கோட்டுப் பைக்குள் இருக்கும். வலது கை மட்டும் வெளியே. குளிர் காதைக் கடிக்கிற காலையில்கூட அந்தக் கைக்கு உறை போடமாட்டார். வேலிக் கம்பிக்கு நாலடி தள்ளி, காலை அகட்டி வைத்து, தரைத்தளத்து ஜன்னல்களில் மூன்றாவதையே பார்த்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் போய் நின்றால்கூடத் திரும்பமாட்டார்.

"இருங்கண்ணே, இன்னும் சைகை வரல" என்பார்.

அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருப்பது சின்னப் பிள்ளைகள் பள்ளி. நான் பராமரிக்கிற கட்டடத்தின் தரைத்தளம் முழுக்க அதுதான். மேலே ஐந்து மாடியும் வீடுகள். அதில் மூன்றாவது மாடியில் இவர் குடியிருக்கிறார். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த அம்மாவுக்குத்தான் இந்த நாட்டில் வேலை கிடைத்தது. இவரும் நாலரை வயது மகளும் கூட வந்தவர்கள். இவருடைய பெயரை இந்தக் கட்டடத்தில் தமிழ் தெரிந்த என்னைத் தவிர யாருக்கும் ஒழுங்காகச் சொல்ல வராது. ஆளுக்கொரு விதமாகக் கடித்துத் துப்புவார்கள். நான் கிரேன்காரர் என்றே கூப்பிட்டுவிட்டேன். அதற்கு உடனே திரும்பினார்.

பதினோரு வருஷம் டவர் கிரேன் ஓட்டியிருக்கிறார். அறுபது மீட்டர் உயரத்தில், ஒரு ஆள் உட்காரும் கண்ணாடிக் கூண்டுக்குள். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறக்கம். சாப்பாட்டுத் தூக்கைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்வாராம்.

"அவ்வளவு நேரம் தனியா இருந்தா பைத்தியம் பிடிக்காதாய்யா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மேல தனியாத்தான் இருந்தேன். ஆனா கீழ நாப்பது பேரு என்னையே அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க. இங்க கீழயே இருக்கேன். ஒருத்தன் பாக்கல" என்றார். சொல்லிவிட்டு, ஏதோ பெரிய ஜோக் அடித்த மாதிரி அவரே சிரித்துக்கொண்டார்.

விசா ஃபாரத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியிருக்கிறது. டிபெண்டன்ட், சம்பாதிக்கிறவரை அண்டி வந்தவர். அந்த வார்த்தையை அவர் மறக்கவே மாட்டார். குப்பைத் தொட்டியை உருட்டுவதற்கு நான் கை நீட்டினால், "தள்ளுங்கண்ணே. எட்டு டன் தூக்கின டிபெண்டன்ட் நான்" என்று பிடுங்கிக்கொண்டு போவார்.

நர்சம்மாவுக்குப் பாதி மாதம் ராத்திரி டியூட்டி. பகலில் தூங்கவேண்டும். அதற்காக அவர் அந்த வீட்டையே ஊமையாக்கி வைத்திருக்கிறார். குழாயில் தண்ணீர் ஒழுகுகிறது என்று சரிசெய்யப் போனபோது பார்த்தேன். கதவு சாத்துகிற இடத்திலெல்லாம் துணியை மடித்து ஒட்டியிருந்தது. நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸ். கரண்டியைக்கூட ஒரு துண்டின் மேல்தான் வைக்கிறார். நான் ஸ்பேனரைக் கீழே வைத்ததும் ஓடி வந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சைகையிலேயே "அது வேண்டும், இது வேண்டும்" என்று பேசி அந்தக் குழாயைச் சரிசெய்தோம். வெளியே வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அவருக்கு முழுநாளும் அதுதான்.

ஊரில் இருக்கிற பழைய கூட்டாளிகளுக்குப் போன் போடுவார். இவர் ஓய்வாக இருக்கிற நேரம் அங்கே வேலை மும்முரம். "யாருப்பா அது... ஹலோ... அப்புறம் கூப்பிடறேன்டா, லோடு ஏறுது" என்று வைத்துவிடுவார்களாம். போன் அணைந்த பிறகும் அதைக் காதிலேயே வைத்திருப்பார். நான் பார்த்தால், "பின்னால சைட்டு சத்தம் கேட்டுச்சுண்ணே, அது போதும்" என்பார்.

சைகையின் கதைக்கு வருகிறேன்.

கிரேன் வேலையில் ஒரு சட்டம் உண்டாம். கூண்டில் இருப்பவர் தன் இஷ்டத்துக்கு எதையும் அசைக்கக் கூடாது. கீழே நிற்கிற சிக்னல்மேன் கை காட்டவேண்டும். முஷ்டியை மடக்கி உயர்த்தினால், அப்படியே நிறுத்து, அசையாதே. பாரம் பத்திரமாக இறங்கி, கொக்கியைக் கழற்றிவிட்டால், சுட்டுவிரலை மேலே நீட்டி வட்டம் போடுவார். வேலை முடிந்தது, கொக்கியைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று அர்த்தம். அதுவரை பாரம் தொங்குகிறது என்றுதான் கணக்கு. தொங்குகிற பாரத்தை விட்டுவிட்டு ஆப்பரேட்டர் கூண்டைவிட்டு இறங்கவே கூடாது.

பள்ளியில் சேர்த்த முதல் நாள் பிள்ளை கத்திய கத்தலில் ஐந்தாம் மாடியில் கதவு திறந்தது. அவளுக்கு இந்த ஊர் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. அப்பா முட்டி போட்டு உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து இந்த இரண்டு சைகையையும் சொல்லிக்கொடுத்தார்.

"பாப்பா, நீதான் சிக்னல்மேன். அப்பா மேல இருக்கேன். நீ விரலைச் சுத்தற வரைக்கும் நான் நகரமாட்டேன். சரியா?"

பிள்ளையைச் சமாதானப்படுத்த எல்லா அப்பனும் ஏதாவது சொல்வான். சொல்லிவிட்டு, உள்ளே போனதும் நழுவிவிடுவான். இந்த மனுஷன் தொழில் சட்டத்தைச் சொல்லிவிட்டார். அதனால் மீற முடியவில்லை.

முதல் மூன்று வாரம் ஜன்னலில் முஷ்டிதான் தெரிந்தது. கண்ணீரும் சளியுமாக ஒரு முகம், அதற்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் போல ஒரு முஷ்டி. மத்தியானம் பள்ளி விடும்வரை நின்றார். மழை வந்தது, நின்றார். ஒண்ணுக்குப் போவதற்குக்கூட என்னைத் தன் இடத்தில் நிறுத்திவிட்டு ஓடினார். "கண்ணை எடுத்துராதீங்கண்ணே" என்று மிரட்டல் வேறு.

எதிர்வீட்டுக்காரர்களும் மற்ற தாய்மார்களும் புகார் கொடுத்துவிட்டார்கள். யாரோ ஒரு ஆள் தினமும் பிள்ளைகளைப் பார்த்துக் கையை ஆட்டுகிறான் என்று. பெரிய டீச்சர் இவரைக் கூப்பிட்டு, பேச்சை மொழிபெயர்க்க என்னையும் கூப்பிட்டார். இவர் எழுந்து நின்று, பரீட்சை எழுதுகிறவர் மாதிரி ஒவ்வொரு சைகையாகச் செய்து காட்டினார். நான் தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். டீச்சர், மழை நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"மழையில கிரேன் ஓடும் மேடம். காத்து பலமா அடிச்சாத்தான் நிறுத்துவோம்" என்றார் இவர்.

அதை மொழிபெயர்த்தபோது டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. புகார் அதோடு முடிந்தது. மறுவாரமே அவர் அந்த முஷ்டியை வகுப்பில் எடுத்துக்கொண்டுவிட்டார். இப்போது டீச்சர் முஷ்டியைத் தூக்கினால் இருபது பிள்ளைகளும் அப்படியே சிலையாகின்றன. என் ஆள் இந்த ஊருக்குக் கொடுத்தது அது ஒன்றுதான். அது அவர் கொடுத்தது என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது.

நாலாம் வாரத்திலிருந்து விரல் வட்டம் போட ஆரம்பித்தது. உள்ளே போன ஐந்தாவது நிமிஷம் ஜன்னலுக்கு வருவாள், விரலைச் சுற்றுவாள், ஓடிப்போவாள். அவரும் வலது கையால் கொக்கியைத் தூக்குகிற, கண்ணுக்குத் தெரியாத லீவர் ஒன்றை மெல்லப் பின்னுக்கு இழுப்பார். அதற்குப் பிறகுதான் நடப்பார். நடந்து எங்கே போவார்? எங்கும் இல்லை. கட்டடத்தைச் சுற்றுவார். லிஃப்டில் ஏறி இறங்குவார். ஒருநாள் மொட்டை மாடியில் அடைப்பு எடுக்கப் போனபோது கூட வரட்டுமா என்று கேட்டார். நான் அடைப்பெடுத்து முடிக்கிற வரை கைப்பிடிச் சுவரோரம் நின்றார்.

"நாலு நிக்குதுண்ணே" என்றார். தூரத்தில் நாலு கிரேன். "அந்த மூணாவது ஆளு லோடை ஆட்டறான் பாருங்க. புதுசு."

அந்த மூணாவது ஆளுக்குக் கையைத் தூக்கிக் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து இறக்கிக்கொண்டார்.

"பாக்கல."

இதற்குப் பிறகு, கடந்த ஒன்றரை மாதமாக, சைகை தாமதமாக ஆரம்பித்தது. கால் மணி, அரை மணி, ஒரு மணி. சில நாள் பத்தரைக்குப் பிள்ளைகள் பால் குடிக்க எழுகிற வரைக்கும்கூட இல்லை. முஷ்டியும் இல்லை, விரலும் இல்லை, காலி ஜன்னல். இவர் நிற்கிறார்.

"அவ உன்னை மறந்துட்டு விளையாடறாய்யா. நல்ல விஷயம்தானே? போ" என்றேன்.

"மறந்திருக்கும். ஞாபகம் வந்தா பாக்கும்ல? அப்ப நான் இல்லன்னா?"



இதற்கிடையில் இந்த ஊர் கிரேன் லைசென்ஸுக்குப் படித்தார். பழைய லைசென்ஸ் இங்கே செல்லாது. வேறு பாஷையில் பரீட்சை. இரண்டு தடவை தோற்றார். மூன்றாவது தடவை தேறினார். ஊருக்கு வெளியே சிமெண்ட் குழாய் வார்க்கிற ஒரு யார்டில் ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கிரேனில் ஏறி ஓட்டிக் காட்டவேண்டும். ஒன்பது இருபதுக்குப் பஸ். அதை விட்டால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து.

இது லேசான விஷயம் இல்லை. நர்சம்மாவிடம் அவர் வந்த புதிதிலேயே ஒரு பேச்சு பேசியிருந்தார். ஒரு வருஷத்துக்குள் கிரேனில் ஏறவில்லை என்றால் தான் மட்டும் திரும்பிப் போய்விடுவது, தாயும் பிள்ளையும் இங்கே இருப்பது. இந்த மாதம் அந்த வருஷம் முடிகிறது. அவருடைய பெட்டி ஒன்று இன்றைக்கும் பிரிக்காமல் கட்டிலடியில் கிடப்பதாக நர்சம்மா என்னிடம் படிக்கட்டில் நின்று சொன்னார். "பெருக்கும்போதெல்லாம் அதை இன்னும் உள்ள தள்ளி வச்சிடறேண்ணே" என்றார்.

பிள்ளையிடம் மட்டும் வேலைச் செய்தியைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு. "கிடைக்கலன்னா அவகிட்ட என்னன்னு சொல்றது?" என்றார் கிரேன்காரர்.

செவ்வாய்க்கிழமை. சவரம் செய்து, சட்டையை மடித்துச் செருகி, பழைய மஞ்சள் ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றார். ஒன்பது மணி. காலி ஜன்னல். ஒன்பது ஐந்து.

"யோவ், பஸ்ஸு போயிடும்."

"சைகை வரலையேண்ணே."

"அது நாலரை வயசுப் பிள்ளை. நீ என்ன அறுபது மீட்டர்லயா நிக்கிறே? தரையிலதானே நிக்கிறே, நடந்து போயேன்!"

"சொல்லிட்டேன் அவகிட்ட."

காலை ஒரு அடி எடுத்து வைத்தார், திரும்ப எடுத்த இடத்திலேயே வைத்தார். திட்டி இழுத்துப்போகலாம் என்றால் என்னைவிட ஒரு சுற்றுப் பெரிய ஆள். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். ஹீட்டர் பார்க்க வந்திருக்கிறேன் என்று டீச்சரிடம் சொன்னேன்.

பிள்ளை ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு பிள்ளைகளோடு மரக்கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். இந்த ஊர் பாஷையில் ஏதோ அதட்டிக்கொண்டிருந்தாள். என்னைவிட நன்றாகவே பேசினாள். நான் குனிந்தேன்.

"பாப்பா, அப்பா வெளியில நிக்கிறாரு."

"தெரியும் மாமா."

"தெரியுமா? அப்புறம் ஏன் விரலைச் சுத்தல?"

எடுத்த கட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் புரியாது என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சுத்துனா அப்பா எங்க போவாரு? அப்பாவுக்கு ஃப்ரெண்டே இல்ல. இங்க நின்னா நானாவது இருக்கேன்ல."

எனக்கு அந்த நேரம் ஹீட்டர் குமிழைத் திருகுவது ரொம்ப முக்கியமாகிவிட்டது. திருகினேன். அப்புறம் அவருடைய உத்தரவை மீறிவிட்டேன்.

"அப்பாவை வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க பாப்பா. இன்னிக்குப் போய் கிரேன் ஓட்டிக் காட்டணும். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"பெரிய கிரேனா?"

"பெரிசுதான்."

"அங்க கீழ சிக்னல்மேன் இருப்பாரா?"

"இல்லாமலா? நிறையப் பேரு இருப்பாங்க."

கட்டையைக் கீழே வைத்தாள். பொம்மைப் பெட்டியை ஜன்னலுக்கு இழுத்துப் போட்டு ஏறினாள். நானும் பின்னால் போய் நின்றேன். இத்தனை மாதம் வெளியே அவர் பக்கத்தில் நின்றே பார்த்த நான், உள்ளேயிருந்து அவரைப் பார்த்தது அன்றுதான். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், ஹெல்மெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ரொம்பச் சின்னதாகத் தெரிந்தார். மணி ஒன்பது பதினேழு. தெருக்கோடியில் பஸ் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

பிள்ளை கையைத் தலைக்குமேல் தூக்கி, சுட்டுவிரலை நீட்டி, பெரிது பெரிதாக வட்டம் போட்டாள். ஒரு தடவை போட்டால் போதும். அவள் நிறுத்தவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் அவர் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்தார். குளிரில் சிவந்து கிடந்த வலது கையை இடுப்பளவுக்குக் கொண்டுவந்து, விரல்களை மடக்கி, கண்ணுக்குத் தெரியாத அந்த லீவரை மெல்ல, கொக்கி ஆடாமல், பின்னுக்கு இழுத்தார்.