செந்தில் நீட்டிய சொம்பு

மரவள்ளி மாவு புளித்த வாடை... மூடிக் கிடந்த அந்த சேகோ, அதாவது ஜவ்வரிசி, ஆலைக்குள் கால் வைத்ததும் மூக்கில் ஏறும். பதினைந்து வருஷத்துக்கு முன் அங்கேதான் நாங்கள் நாடகம் போட்டோம்.

நானூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்து நாடகம். ராஜா, துரோகம், விஷம். அதை நாமக்கல் பண்ணையக்காரர் வீட்டுக் கதையாக மாற்றியிருந்தார் எங்கள் டைரக்டர். பண்ணையக்காரர் நான்தான்!

முழு ஸ்கிரிப்ட் யாருக்கும் கிடையாது. அவரவர் வசனம் மட்டும் ஒரு துண்டுச்சீட்டில். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் அப்படித்தான் நடிப்பார்களாம். "துரோகி யாருன்னு மேடையிலதான் தெரியோணும் சாமி" என்றார் டைரக்டர்.

விளங்கியது போங்கள்! டீக்கடையில்கூட அவனவன் சீட்டு இருந்த சட்டைப்பையைப் பொத்திக்கொண்டே நின்றான்.

எனக்குச் சந்தேகமெல்லாம் செந்தில் மேல். பள்ளிக்கூடத்துச் சிநேகிதன், அஸ்தம்பட்டி ஆபீஸில் பக்கத்து சீட். வசனச் சீட்டைக் காட்டுடா என்றால் சிரிப்பான். அந்தச் சிரிப்பே சரியில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஷோ. ஒருவர் கேமராவோடு மேடையில் எங்கள் கூடவே வர, எங்கள் முகம் அப்போதைக்கப்போதே சுவரில் கட்டிய வெள்ளை வேட்டியில் பெரிதாக விழுந்தது.

நான் ஊர் திரும்பும் காட்சி. செந்தில் சொம்பை நீட்டினான். "வாங்க, தண்ணி குடிங்க."

என் சீட்டில், 'குடிப்பதும் குடிக்காததும் உன் இஷ்டம்' என்றிருந்தது. இவன்தான்டா துரோகி என்று முடிவே கட்டிவிட்டேன்.

"வேண்டாம். மொதல்ல நீ குடி பாக்கலாம்."

எங்கள் பக்கம் வாசலில் தரும் தண்ணீரை மறுத்தால் உறவே வேண்டாம் என்று அர்த்தம். முன்வரிசை அம்மா ஒருவர் சத்தமாகவே, "ஏனுங்க, ஊட்டுத் தண்ணிய ஆராச்சும் வேண்டாம்பாங்களா?" என்றார்.

செந்தில் மடமடவென்று முழுச் சொம்பையும் குடித்தான். சுவர் வேட்டியில் அவன் கண் கலங்கியது பெரிதாகத் தெரிந்தது. அது நடிப்பில்லை.

விஷம் வைத்தவன் வேறு ஆள். நாடகம் முடிந்ததும் செந்தில் தன் சீட்டை என் கையில் திணித்தான். 'நண்பன். கடைசிவரை கூட நிற்பவன்.'

"என்னையவாடா சந்தேகப்பட்ட?"

வெட்கமாக இருந்தது.

இப்போது பசங்க போனிலேயே படம் எடுக்கிறார்கள். முழு ஸ்கிரிப்டும் க்ரூப்பில் வந்துவிடுகிறது, யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. செந்தில் இதே ஊரில், ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் இருக்கிறான். மாசம் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வருவான், பழையபடி பேசுவான். ஆனால் கையில் சொந்தமாக ஒரு தண்ணி பாட்டில்.

"டாக்டர் வெந்நிதான் குடிக்கச் சொன்னாருடா."

பதினைந்து வருஷமாகவா? எந்த டாக்டர் என்று கேட்டால்... சிரிக்கிறான்.